கிட் விலை ஏறுகிறது, கிராண்ட் ஏறவில்லை

கேள்வி: மேடம், வணக்கம். தென்மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் உயிரித்தொழில்நுட்பத் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். மூலிகைச் செடிகளின் மரபணு வேறுபாடு குறித்து மூன்று ஆண்டு பிராஜெக்ட் ஒன்று நடக்கிறது. இது இரண்டாம் ஆண்டு. பிராஜெக்ட் எழுதும்போது வாங்கிய கொட்டேஷனுக்கும் இன்றைய கொட்டேஷனுக்கும் சம்பந்தமே இல்லை. டிஎன்ஏ பிரிக்கும் கிட், டிஎன்ஏ-வைப் பெருக்கும் பிசிஆர் வேலைக்கான டாக் என்சைம், பிப்பெட் டிப்ஸ், சேர்மங்களைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவிக்கான அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான் எல்லாமே ஏறிவிட்டன. கன்சூமபிள்ஸ் (பயன்படுத்தித் தீர்ந்துபோகும் பொருள்கள்) பணம் இந்த ஆண்டு முடிவதற்குள் தீர்ந்துவிடும். நிர்வாகம் "மலிவானதை வாங்குங்கள்" என்கிறது. சீக்வென்சிங் (டிஎன்ஏ வரிசையைப் படித்தல்) செலவை இரண்டு ஸ்காலர்கள் தங்கள் கையிலிருந்து போட்டிருக்கிறார்கள். மலிவு பிராண்டுக்கு மாறலாமா? சாம்பிள் எண்ணிக்கையைக் குறைக்கலாமா? வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள பேராசிரியருக்கு,

கடந்த ஆண்டின் இன்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) பட்டியலையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. கடிதத்தில் இல்லாத ஒன்று அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் நிர்வாகத்துக்கு ஒரு விளக்கம். விலை ஏறியதற்கு டீலரின் பேராசைதான் காரணம் என்று செயலாளர் நினைக்கிறார் போலிருக்கிறது. டீலர் ஒன்றும் புனிதர் இல்லைதான். ஆனால் என்சைம், கிட், ஆன்டிபாடி எல்லாம் பெரும்பாலும் டாலரிலோ யூரோவிலோ வருபவை. 2018 தொடக்கத்தில் ஒரு டாலர் 64 ரூபாய் அளவில் இருந்தது. 2022 ஜூலையில் 80-ஐத் தொட்டது. அதன் பிறகும் இறங்கி வரவில்லை. கம்பெனி டாலர் விலையை ஒரு சென்ட் கூட ஏற்றாவிட்டாலும் உங்கள் பில் ஏறியிருக்கும். வரி இன்னொரு கதை. அரசு நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனங்களுக்குக் கருவிகள் முதலியவற்றில் இருந்த 5 சதவீத ஜிஎஸ்டி சலுகை 2022 ஜூலை 18-இல் எடுக்கப்பட்டுவிட்டது. சீனியரின் பழைய பிராஜெக்டைப் பார்த்து பட்ஜெட் எழுதுகிறவர்கள் இன்னமும் 5 சதவீதம் போட்டுவிட்டுப் பிறகு தலையில் கை வைக்கிறார்கள். 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வகக் கெமிக்கல்களின் சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமானது நினைவிருக்கும். எரிசாராயத்தை அந்தப் பெயரில் இறக்குமதி செய்வதைத் தடுக்கப் போட்ட வரி, விஞ்ஞானிகள் தலையில் விழுந்தது. சில நாட்களிலேயே சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்பவர்களுக்குப் பழையபடி 10 ஆக்கினார்கள். ஆனால் அந்த இடைவெளியில் வந்த கொட்டேஷன்களை வைத்து ஆர்டர் போட்டவர்களும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் நோய் கண்டறியும் கிட், ரீஏஜென்ட் வகைகளுக்கு ஜிஎஸ்டி 12-இலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. ஆகவே கொட்டேஷனில் ஹெச்எஸ்என் எண்ணையும் (வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்) வரி விகிதத்தையும் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். பழைய சாஃப்ட்வேரில் பழைய விகிதத்தையே அடித்து அனுப்புகிற டீலர்கள் இருக்கிறார்கள். கேட்டால் மாற்றித் தருவார்கள், கேட்காவிட்டால் இல்லை.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருவோம். செடி டிஎன்ஏ கிட், ஐம்பது சாம்பிளுக்கானது, ஒரே ஆண்டில் திரும்பத் திரும்ப வாங்கப்பட்டிருக்கிறது. உங்களிடம் இருக்கும் சாம்பிள்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஏறக்குறைய இரண்டு முறை டிஎன்ஏ எடுத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. டாக் என்சைமும் அதே போலத்தான். உங்கள் ஆய்வகத்தில் விலை ஏற்றத்தை விடப் பெரிய செலவு, வேலை செய்யாமல் போன ரியாக்‌ஷன்கள்.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கிட் விலை 12,000 ரூபாய், ஐம்பது சாம்பிள். ஒரு சாம்பிளுக்கு 240. மூன்றில் ஒன்று சரியாக வரவில்லை என்றால், பயன்படும் டிஎன்ஏ ஒன்றுக்கு உண்மையில் 360 ரூபாய் ஆகிறது. கிட் விலை 15,000-க்கு ஏறிவிட்டது என்று வையுங்கள். ஒரு சாம்பிளுக்கு 300. ஆனால் பத்தில் ஒன்பது சரியாக வந்தால் பயன்படும் டிஎன்ஏ ஒன்றுக்கு 333 ரூபாய்தான். விலை கால் பங்கு ஏறிய பிறகும் பழைய செலவை விடக் குறைவு. டாலர் உங்கள் கையில் இல்லை. இந்தக் கணக்கு இருக்கிறது. அதனால் 'எந்த பிராண்ட் மலிவு' என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, 'ஏன் இத்தனை முறை திரும்பச் செய்கிறோம்' என்பதில் ஒரு மாதம் செலவிடுங்கள் என்பதுதான் என் பதிலின் சாரம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கே பார்ப்பது? முதலில் என்சைம் இருக்கும் ஃப்ரீசர். பல கல்லூரிகளில் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் அறைதான் 'மைனஸ் ட்வென்டி'. அது 'ஃப்ராஸ்ட் ஃப்ரீ' மாடலாக இருந்தால், ஐஸ் படியாமல் இருக்கத் தானாகவே அடிக்கடி உள்ளே சூடேற்றிக்கொள்ளும். டாக் கிளிசராலில் இருப்பதால் ஓரளவு தாங்கும். டிஎன்டிபி (டிஎன்ஏ-வின் கட்டுமானப் பொருள்), பிரைமர் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) இரண்டும் மாதக்கணக்கில் இப்படி உருகி உறைந்தால் என்ன மிஞ்சும்? ஐஸ் படிகிற, கையால் டீஃப்ராஸ்ட் செய்கிற பழைய வகை டீப் ஃப்ரீசர்தான் என்சைமுக்கு நல்லது. கதவுப் பக்கத்தில் எதையும் வைக்காதீர்கள். டிஎன்டிபி வந்த அன்றைக்கே சிறு ட்யூப்களில் பிரித்து, தேதியும் வைத்தவர் பெயரும் எழுதி வைத்துவிடுங்கள். ஒரே ட்யூபை நான்கு ஸ்காலர்கள் நாளுக்கு இருமுறை உருக்கினால் எந்த பிராண்டும் தாங்காது.

இரண்டாவது, திரவத்தை அளந்து விடும் பிப்பெட். இதை யாரும் செலவுக் கணக்கில் சேர்ப்பதில்லை. உங்கள் துறையில் அனலிடிகல் பேலன்ஸ் இருக்கும். அதன் மேல் ஒரு சிறிய ட்யூபை வைத்து ஸீரோ செய்துவிட்டு, பிப்பெட்டில் 100 மைக்ரோலிட்டர் வடிநீர் எடுத்து விடுங்கள். 25 டிகிரியில் அது 0.0997 கிராம் காட்ட வேண்டும். பத்து முறை செய்து சராசரி பாருங்கள். சின்ன அளவுகளைப் பார்க்கிறபோது ஆவியாவதற்கு முன் வேகமாகப் படிக்க வேண்டும். 0.5 மைக்ரோலிட்டர் என்சைம் போடுவதாக நினைத்துக்கொண்டு 0.3 போடுகிற பிப்பெட் ஒன்றாவது உங்கள் ஸ்டாண்டில் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். அதை மாற்றி, கிரீஸ் போட்டு, காலிபரேட் செய்ய ஆகும் செலவு ஒரு கிட்டின் விலையில் சிறு பகுதிதான். இன்னொன்று: என்சைமை ரியாக்‌ஷனுக்கு ஒன்றொன்றாகப் போடாமல், எல்லாச் சாம்பிளுக்கும் சேர்த்து மாஸ்டர் மிக்ஸ் கலக்கிப் பிரித்துப் போடுங்கள். இது தெரியாதவர்கள் இல்லை. அவசரத்தில் செய்யாதவர்கள்தான் அதிகம்.

மூன்றாவது, உங்கள் விஷயத்தில் முக்கியமானது, இலை. மூலிகைச் செடிகளில் பாலிஃபினாலும் பிசின் போன்ற பாலிசாக்கரைடும் அதிகம். டிஎன்ஏ பழுப்பாக, கொழகொழவென்று வந்தால் பிசிஆர் வேலை செய்யாது. அதற்கு என்சைமின் மேல் பழி போட்டு இன்னும் விலையுயர்ந்த என்சைம் வாங்குவார்கள். முற்றிய இலையை விட்டுவிட்டு இளந்தளிரை எடுங்கள். காட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் கொண்டு வருவதை விட, சிறு துண்டுகளாக்கிச் சிலிக்கா ஜெல்லில் போட்டு உடனே உலர்த்துங்கள். உலர்ந்த இலை லிக்விட் நைட்ரஜன் இல்லாமலே நன்றாகப் பொடியாகும். சிலிக்கா ஜெல்லை ஓவனில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். கிட்டை விட்டுவிட்டு, சிடிஏபி என்ற சோப்பு வகைப் பொருளால் டிஎன்ஏ பிரிக்கும் முறைக்குப் போவதையும் நான் பரிந்துரைப்பேன். டாய்ல் தம்பதி 1987-இல் எழுதிய முறைதான் இன்றைக்கும் செடி ஆய்வாளர்களின் சோறு. சிடிஏபி, உப்பு, ட்ரிஸ், ஈடிடிஏ, கொஞ்சம் பிவிபி, பீட்டா மெர்காப்டோ எத்தனால். 65 டிகிரியில் வைத்து, குளோரோஃபாம்-ஐசோஅமைல் ஆல்கஹால் 24:1 கலவையில் பிரித்து, ஐசோப்ரோப்பனாலில் படியவைப்பது. ஒரு சாம்பிளுக்கு ஆகும் பொருள் செலவு கிட்டின் அருகில் கூட வராது. பிசின் மிகுந்த செடிகளில் பல நேரம் கிட்டை விட நன்றாகவும் வரும். ஆனால் ஃப்யூம் ஹுட் இல்லாமல் செய்யாதீர்கள், குளோரோஃபாமை சிங்க்கில் ஊற்றாதீர்கள். மிச்சப்படுத்திய பணத்தில் கழிவு டப்பாவுக்கும் கையுறைக்கும் ஒரு பங்கு போகட்டும். ஸ்காலருக்கு நேரம் கூடுதலாகப் போகும் என்பதும் உண்மை. அதைக் கணக்கில் வைத்து இருபத்துநான்கு சாம்பிளாகச் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

பஃபர்களை ரெடிமேடாக வாங்கியிருக்கிறீர்கள். ஜெல் ஓட்டும் பஃபரான 50 எக்ஸ் டிஏஇ-யைப் பணம் கொடுத்து வாங்குவதில் எனக்குக் கோபமே வருகிறது. ட்ரிஸ் பேஸ் 242 கிராம், கிளேஷியல் அசிட்டிக் அமிலம் 57.1 மில்லி, 0.5 மோலார் ஈடிடிஏ (பிஹெச் 8) 100 மில்லி. நல்ல தண்ணீரில் ஒரு லிட்டராக்கினால் முடிந்தது. எம்எஸ்சி மாணவர்களுக்கு இது ஒரு பிராக்டிகல் வகுப்பாகவும் ஆகும். ஜெல் தட்டில் ஒரு சீப்புக்குப் பதில் நடுவில் இன்னொன்றும் வைத்தால் அகரோஸ் பாதி மிச்சம். பிசிஆரை 25 மைக்ரோலிட்டரில் செய்கிறீர்கள். வெறும் பேண்ட் பார்ப்பதற்கு 10 மைக்ரோலிட்டர் போதும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஃபில்டர் டிப்ஸ் ஆர்என்ஏ-வுக்கும் ரியல் டைம் பிசிஆருக்கும் மட்டும். மற்றதற்குப் பையில் வரும் டிப்ஸை வாங்கிப் பழைய ரேக்கில் அடுக்கி ஆட்டோகிளேவ் செய்யலாம். அடுக்குகிற வேலையை முதலாண்டு ஸ்காலர் தலையில் மட்டும் கட்டாதீர்கள்.

டாக் என்சைமைச் சொந்தமாகச் செய்யலாமா என்று கேட்கவில்லை; நானே சொல்கிறேன். டாக் சூடு தாங்கும் என்சைம் என்பதே அதைச் சுத்தப்படுத்தும் வழியும் கூட. அந்த ஜீன் உள்ள ஈ. கோலை பாக்டீரியாவை வளர்த்து, உடைத்து, 75 டிகிரியில் வைத்தால் ஈ. கோலையின் சொந்தப் புரதங்கள் பெரும்பாலும் திரிந்து கீழே படிந்துவிடும். டாக் மேலே கரைசலில் நிற்கும். பிறகு அமோனியம் சல்ஃபேட், 50 சதவீதக் கிளிசரால் பஃபர். 1990-களின் தொடக்கத்திலேயே இதற்கு எளிய முறைகள் வெளிவந்துவிட்டன. மூல காப்புரிமைகளும் காலாவதியாகிவிட்டன. ஒரு லிட்டர் கல்சரில் கிடைப்பது உங்கள் துறைக்கு நெடுநாள் வரும். மூன்று நிபந்தனைகள் உண்டு. அந்த ஜீனைச் சுமக்கும் பிளாஸ்மிடை (வட்ட டிஎன்ஏ) முறையாக ஒப்பந்தத்தோடு பெற வேண்டும். கல்லூரியின் உயிரிப் பாதுகாப்புக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு பேட்சையும் கம்பெனி என்சைமோடு சேர்த்து நீர்த்த வரிசையில் ஓட்டிப் பார்த்துத்தான் ஃப்ரீசருக்குள் அனுமதிக்க வேண்டும். இப்படிச் செய்த டாக்கில் ஈ. கோலை டிஎன்ஏ ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் செடி மார்க்கருக்கு (வேறுபாட்டைக் காட்டும் டிஎன்ஏ பகுதி) அது பரவாயில்லை. பக்கத்து அறையில் பாக்டீரியாவை அடையாளம் காணும் 16எஸ் மரபணுவில் வேலை செய்கிறவருக்குக் கடன் கொடுத்தால் எல்லாச் சாம்பிளிலும், டிஎன்ஏ போடாத நெகட்டிவிலும் பேண்ட் வந்து நிற்கும். க்ளோனிங் செய்ய வேண்டிய துண்டுகளுக்கு, பிழை திருத்தும் என்சைமைக் காசு கொடுத்தே வாங்குங்கள். அங்கே சிக்கனம் கூடாது.

பிளாஸ்மிட் எடுக்கும் 'காலம்'களை (டிஎன்ஏ-வைப் பிடித்துவைக்கும் சிறு வடிகட்டிக் குழாய்கள்) கழுவித் திரும்பப் பயன்படுத்துவது பற்றியும் பேச்சு அடிபடுவது உண்டு. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு மேம்பட்ட அறிவியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் 2007-இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள்: 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் பழைய டிஎன்ஏ சிதைந்துவிடும், குழாய் மறுபடி வேலை செய்யும். காலனி சரிபார்க்கிற பிளாஸ்மிடுக்கு இது சரி. செடிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் உங்கள் மூலச் சாம்பிள்களுக்கு நான் செய்யமாட்டேன். கட்டுரையை மதிப்பிடும் ரெஃப்ரீ கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே.

அசிட்டோநைட்ரைல் தனிக் கதை. அதைத் தனியாக யாரும் பெரிய அளவில் தயாரிப்பதில்லை. ப்ளாஸ்டிக், செயற்கை நூலுக்கான அக்ரிலோநைட்ரைல் செய்யும்போது உபரியாகக் கிடைப்பது. 2008-09-இல் கார் விற்பனை படுத்ததும் அக்ரிலோநைட்ரைல் ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. உலகம் முழுவதும் ஹெச்பிஎல்சி அறைகள் திண்டாடின. ஆகவே இதன் விலை உங்கள் ஆய்வகத்துக்குச் சம்பந்தமே இல்லாத காரணத்துக்கு ஏறும், இறங்கும். செய்யக்கூடியது இரண்டு. நீங்கள் அளக்கும் சேர்மம் 210 நானோமீட்டருக்கு மேலே நன்றாக ஒளியை உறிஞ்சுமானால் மெத்தனாலுக்கு மாறிப் பாருங்கள். முறையை மறுபடி வாலிடேட் செய்ய வேண்டும், கருவியின் பிரிப்புக் குழாயில் ('காலம்') அழுத்தமும் கூடும். இல்லாவிட்டால் அடுத்த முறை இந்தக் குழாயை வாங்கும்போது 4.6 மில்லிமீட்டர் குறுக்களவுக்குப் பதிலாக 2.1 வாங்குங்கள். நிமிடத்துக்கு 1 மில்லி ஓடிய இடத்தில் 0.2 மில்லி போதும். கரைப்பான் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. உங்கள் பம்ப் அந்தக் குறைந்த ஓட்டத்தைச் சீராகத் தருமா என்று சர்வீஸ் இன்ஜினியரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். ஆண்டுக்குச் சில நாட்கள்தான் ஹெச்பிஎல்சி ஓடுகிறது என்றால், ஆய்வுக் கருவிகளைப் பகிர்ந்துகொள்ளும் ஐ-ஸ்டெம் இணையதளத்தில் அருகில் யாரிடம் கருவி இருக்கிறது என்று பார்த்து, கட்டணம் கட்டி ஓட்டுவதே லாபம்.

வாங்கும் முறை. மலிவு பிராண்டுக்கு மாறலாமா என்றால், பொருளுக்குத் தக்கபடிதான் பதில். மீடியா, உப்புகள், கரைப்பான்கள், பிளாஸ்டிக் சாமான்களில் இந்தியக் கம்பெனிகள் எப்போதோ தேறிவிட்டன. மும்பை ஹைமீடியாவின் மீடியாவையும் கொல்கத்தா டார்சன்ஸின் டிப்ஸையும் பெரிய நிறுவனங்களே வாங்குகின்றன. என்சைமுக்கும் கிட்டுக்கும் முதலில் இலவச சாம்பிள் கேளுங்கள். தருவார்கள். உங்களின் மோசமான மூன்று செடிகளில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நல்ல டிஎன்ஏ-வில் எந்த என்சைமும் வேலை செய்யும். எல்1 (மிகக் குறைந்த விலை கேட்டவர்) என்ற ஒரே காரணத்துக்காக எதையும் வாங்கும் நிலை வராமல் இருக்க, இன்டென்டிலேயே தேவையான தரத்தைத் தெளிவாக எழுதுங்கள்: எத்தனை யூனிட், எந்த பஃபர், வந்து சேரும்போது எத்தனை மாதம் எக்ஸ்பைரி மிச்சம் இருக்க வேண்டும் என்பது வரை. இந்தக் கடைசி வரி இல்லாததால்தான் டீலர் தன் ஃப்ரிட்ஜில் தூங்கிய சரக்கை டிஸ்கவுன்ட் என்று தள்ளுகிறார்.

சின்னச் சின்ன ஆர்டராகப் போடுவதால் ஒவ்வொரு முறையும் ட்ரை ஐஸுக்கும் கூரியருக்கும் கட்டுகிறீர்கள். பக்கத்துக் கல்லூரி, உங்கள் கல்லூரியின் விலங்கியல் துறை, நுண்ணுயிரியல் துறை எல்லோரும் டாக்கும் டிஎன்டிபியும் வாங்குகிறார்கள்தானே? காலாண்டுக்கு ஒரு முறை சேர்த்து ஒரே கொட்டேஷன் கேளுங்கள், பில் மட்டும் தனித்தனியாக. ஓராண்டுக்கான விலையை நிர்ணயித்து, பொருளைத் தேவைப்படும்போது பிரித்து அனுப்பும்படி ரேட் கான்ட்ராக்ட் பேசுங்கள். மார்ச் மாதத்தில் பணத்தைத் தீர்ப்பதற்காக என்சைம் வாங்கிக் குவிக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த மாதம் வாங்க வேண்டியது ட்ரிஸ், அகரோஸ், டிப்ஸ் போன்ற கெடாத சாமான். விதிகளைப் பொறுத்தவரை, மத்திய அறிவியல் துறைகளின் கீழ் உள்ள நிறுவனங்களுக்கு கொட்டேஷன் இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பு 2025 ஜூனில் 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாகியிருக்கிறது. உங்கள் கல்லூரிக்கு எந்த விதி பொருந்தும் என்பதை சாங்ஷன் கடிதத்திலும் ஆடிட்டரிடமும் உறுதி செய்துகொண்டு பர்சேஸ் கமிட்டியிடம் பேசுங்கள்.

சாம்பிள் எண்ணிக்கை. மரபணு வேறுபாட்டைப் பற்றிய ஆய்வில் ஓரிடத்துக்கு இத்தனை செடி என்று நீங்கள் வைத்த எண்தான் ஆய்வின் உயிர். அதைக் குறைக்காதீர்கள்; நெகட்டிவ் கன்ட்ரோலையும் ரெப்ளிகேட்டையும் குறைக்கவே குறைக்காதீர்கள். குறைக்கத்தான் வேண்டும் என்றால் மார்க்கர்களைக் குறையுங்கள். எட்டு செடிகளில் எல்லா பிரைமரையும் ஓட்டி, வேறுபாடு காட்டாதவற்றை நீக்கிவிட்டு மற்றதை மட்டும் முழுத் தொகுதிக்கும் கொண்டுபோங்கள். அல்லது மூன்று இனங்களில் ஒன்றை விட்டுவிட்டு இரண்டை ஒழுங்காக முடியுங்கள். இதை ரெவியூ கமிட்டியிடம் நேராகச் சொல்லலாம், ஏற்றுக்கொள்வார்கள்.

கடைசியாக ஸ்காலர்கள் போட்ட பணம். இது நடக்கக் கூடாது. மாதம் 37,000 ரூபாய் ஃபெல்லோஷிப் பெறும் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) என்றாலும், ஃபெல்லோஷிப் இல்லாமல் வருகிற பிஹெச்டி மாணவி என்றாலும், பிராஜெக்டின் சீக்வென்சிங்கை அவர்கள் கட்டுவது முறையில்லை. கைடு கேட்டால் 'மாட்டேன்' என்று சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. அந்த இரண்டு பில்களையும் வாங்கி, ஸ்காலர் பெயரில் கன்டின்ஜென்சி (சில்லறைச் செலவு நிதி) இருந்தால் அதில் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் கல்லூரி முதல்வரிடம் போங்கள். பிராஜெக்டோடு கல்லூரிக்கு ஓவர்ஹெட் என்று ஒரு தொகை வருகிறதே, அது இதற்கெல்லாம்தான். பெரும்பாலான கல்லூரிகளில் அது கரன்ட் பில்லிலும் பெயின்ட்டிலும் கரைந்துவிடுகிறது, கேட்டு வாங்குங்கள்.

கூடவே நிதி தரும் நிறுவனத்துக்கு ஒரு கடிதம். டிராவல், கருவி போன்ற தலைப்புகளில் மிச்சமிருப்பதைக் கன்சூமபிள்ஸுக்கு மாற்ற அனுமதி கேளுங்கள். பிராஜெக்ட் எழுதியபோது வாங்கிய கொட்டேஷனையும் இன்றைய கொட்டேஷனையும் ஒரே கேட்டலாக் எண்ணுக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பக்க அட்டவணை இணையுங்கள். நீங்கள் சொந்தமாக என்ன குறைத்தீர்கள் என்பதையும் இரண்டு வரி எழுதுங்கள். 'விலை ஏறிவிட்டது' என்று மட்டும் எழுதுகிறவருக்குப் பதில் வருவதில்லை, அட்டவணை அனுப்புகிறவருக்குப் பல நேரம் வருகிறது. டிசம்பருக்கு முன் அனுப்பிவிடுங்கள். பிப்ரவரியில் போகும் கடிதங்கள் யூசி (பணம் செலவானதற்கான சான்றிதழ்) குவியலுக்கு அடியில் போய்விடும்.